புதியவர் வந்த மலை: நவிரம் முதல் சவ்வாது வரை காடு காணலின் வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

கலசப்பாக்கம் வட்டத்தில் அமைந்த பருவதமலையும் அதனை ஒட்டிய சவ்வாது மலைத்தொடரும் இன்று விடுமுறை நாள்களில் காடும் அருவியும் காண வருவோரின் இடங்களாக அறியப்படுகின்றன. இம்மலைகளுக்குப் புதியவர் வந்துபோகும் வழக்கம் சுற்றுலாத் துறையின் காலத்தில் தோன்றியதன்று; மலைபடுகடாம் அதற்குத் தொல்சான்றாக நிற்கிறது. மலைக்கு வருபவரை யார் வரவேற்றனர், யாருடைய இசைவால் அவர் உள்ளே சென்றார், மலையில் வாழ்ந்தவர் அவ்வருகையில் என்ன இடம் பெற்றார் ஆகிய வினாக்களை முன்வைத்து இக்கட்டுரை சங்க இலக்கியம், காலனியக் காட்டுச் சட்டம், விடுதலைக்குப் பிந்தைய காட்டுயிர்ச் சட்டம் ஆகியவற்றை ஒருங்கு வைத்து ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: மலைபடுகடாம், நவிரம், பருவதமலை, சவ்வாது மலை, மலையாளிப் பழங்குடியினர், காட்டுயிர்ப் புகலிடம், வேடந்தாங்கல்.

முன்னுரை

காட்டையும் காட்டுயிரையும் கண்டு மகிழ்வதற்கென்றே ஓரிடத்திற்குச் செல்லும் வழக்கத்தின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் இரண்டு தொடக்கப் புள்ளிகளைக் கொள்வர். ஒன்று, 1872இல் அமெரிக்காவில் அறிவிக்கப்பட்ட யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா. மற்றொன்று, காலனிய அதிகாரிகளின் வேட்டை முகாம்கள். இவ்விரண்டிலும் பொதுவாக உள்ள ஒன்று எளிதில் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. இரண்டிலும் காடு, முன்பே அங்கு வாழ்ந்தோர் இல்லாத வெளியாகவோ, இருந்தும் சுமைதூக்கியாகவும் வழிகாட்டியாகவும் மட்டும் தேவைப்பட்டோரின் வெளியாகவோ கருதப்பட்டது. யெல்லோஸ்டோன் நிலப்பரப்பில் வேட்டையாடியும் கிழங்கு அகழ்ந்தும் வாழ்ந்த ஷோஷோனி முதலிய தொல்குடிகள் பூங்காவிலிருந்து அகற்றப்பட்ட பின்னரே அது 'மனிதர் கைபடாத இயற்கை' ஆயிற்று.

தமிழில் இவ்வரலாற்றை எழுத முற்படுவோர் அத்தொடக்கத்தை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. சேயாறு என இலக்கியம் வழங்கும் செய்யாறு சவ்வாது மலையில் தோன்றிக் கலசப்பாக்கத்தைக் கடந்து பாலாற்றைச் சேர்கிறது. அவ்வாற்றங்கரை வழியே மலைநாட்டிற்குள் சென்ற ஒரு கூட்டத்தைப் பற்றி 583 அடிகளில் விரிவாகப் பேசும் நூல் பத்துப்பாட்டில் உள்ளது. அதனை வழிச்செலவு இலக்கியமாகப் பலர் கண்டுள்ளனர். காட்டிற்கு வரும் புதியவருக்கும் காட்டிலுள்ளோருக்கும் இடையிலான உறவின் ஆவணமாக அது போதிய அளவு படிக்கப்படவில்லை.

மலைபடுகடாத்தில் புதியவர்

பல்குன்றக் கோட்டத்துச் செங்கண்மாவை ஆண்ட நன்னன் சேய் நன்னனை இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் பாடியது மலைபடுகடாம். கூத்தராற்றுப்படை என்பது இதன் மறுபெயர். செங்கண்மா இன்றைய செங்கம். நூலில் வரும் நவிரம், கலசப்பாக்கத்தை அடுத்துத் தென்மாதிமங்கலத்தின் மேல் உயர்ந்து நிற்கும் பருவதமலையே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அம்மலையில் உறையும் காரியுண்டிக் கடவுளைப் பற்றிய குறிப்பையும் மலைமேல் இன்றுள்ள சிவன் கோயிலையும் இணைத்துப் பார்ப்பது இக்கருத்துக்கு வலுவூட்டுகிறது.

பரிசில் பெற்றுத் திரும்பும் கூத்தன், எதிர்ப்பட்ட கூத்தர் சுற்றத்திற்கு வழி சொல்கிறான். அவன் சொல்பவை பெரும்பாலும் எச்சரிக்கைகள். காட்டுப்பன்றிக்கு வைத்த பொறிகள் வழியில் உள்ளன. விடிந்த பின்னரே செல்க. பாம்புகள் ஒடுங்கிய குழிகளைப் பார்த்து நடக்க. விழுந்து கிடக்கும் மரம் போன்று பாதையை மறித்துக் கிடப்பது மாசுணமாக இருக்கலாம், விலகிச் செல்க. தினைப்புனத்தை மேய வரும் யானையை விரட்டக் குறவர் எறியும் கவண்கல் இலக்குத் தவறி வரும். மரத்தை மறைவாகக் கொண்டு கடக்க. பாசி படிந்த பாறையில் கால் வழுக்கும். அருகிலுள்ள கொடியைப் பற்றிக்கொள்க. இரவானால் குகையில் தங்குக. இன்று காட்டின் வாயிலில் நிறுத்தப்படும் அறிவிப்புப் பலகைகளோடு இவற்றை ஒப்பிட்டால் ஒரு வேறுபாடு தெளிவாகும். பலகையின் குரல் காட்டிற்கு உரிமை கொண்ட நிறுவனத்தின் குரல். மலைபடுகடாத்தின் குரலோ முன்பு அதே வழியில் சென்று வந்த மற்றொரு புதியவனின் குரல்.

ஒரு குறிப்பு தனியே நோக்கத்தக்கது. கவர்த்த வழிகளில் எது சரியானது என்று அறிந்தபின், பின்னால் வருவோர் வழி தவறாதிருக்கத் தரையைத் துடைத்து ஊகம்புல்லை முடிந்து இட்டுச் செல்லுமாறு கூத்தன் அறிவுறுத்துகிறான். மலைக்குச் செல்பவர் அங்கு விட்டுவரும் அடையாளம் பிறருக்குப் பயன்பட வேண்டும் என்ற அறிவு அதில் உள்ளது. அது விரைவில் மக்கிப் போகும் அடையாளமும்கூட. பாறைதோறும் வண்ணத்தால் பெயர் எழுதும் இக்காலத்து வழக்கத்தை அதனோடு ஒப்பிடத் தேவையில்லை, தெரிந்ததே.

வழி தவறினால் என் செய்வது என்ற வினாவிற்கு நூல் தரும் விடையே இவ்வாய்வுக்கு அடிப்படையானது. வழி தவறியவரின் குரல் கேட்டால் மலையைக் காக்கும் கானவர் விரைந்து வருவர்; உண்ணப் பழமும் சூடப் பூவும் காட்டி, இடையூறு மிக்க வழியில் தாம் முன் நடப்பர். குறவர் சிற்றூரில் நன்னனிடம் செல்வோர் என்று சொன்னால் போதும்; சொந்த வீட்டில் நுழைவது போல் நுழையலாம். தினைச் சோறும் ஊனும் மூங்கிற் குழாயில் முதிர்ந்த தேறலும் கிடைக்கும். கோவலர் இருக்கையில் பால் கிடைக்கும். மருதத்தில் மீனும் கள்ளும். விருந்து தருபவர் மன்னனின் பணியாளர் அல்லர். அந்தந்த நிலத்தின் மக்கள். நன்னனின் பெயர் வழிச்சீட்டுப் போல் பயன்படுவது உண்மையே. ஆயினும் வாயிலைத் திறப்பவர் மலைவாழ்வோரே.

ஓசையும் உழைப்பும்

மலையை யானையாகவும் அதில் எழும் ஓசைகளை அதன் மதமாகவும் உருவகித்தமையால் நூலுக்கு மலைபடுகடாம் என்று பெயர் வந்தது என்பது நச்சினார்க்கினியர் உரையால் பெறப்படுவது. அவ்வோசைகளின் தொகுப்பை இயற்கை வருணனை என்று வகைப்படுத்திவிடுவது பாடநூல் வழக்கம். ஏறத்தாழ இருபது ஓசைகள் கொண்ட அத்தொகுப்பை ஒவ்வொன்றாகப் பிரித்து நோக்கினால் அவ்வகைப்பாடு பொருந்தாமை விளங்கும்.

அருவியாடும் மகளிரின் ஓசை, தினையுண்ண வரும் விலங்கை ஓட்டும் புனங்காவலர் ஓசை, முள்ளம்பன்றியால் புண்பட்ட கானவரின் அழுகை, புலியால் மார்பில் புண்பட்ட கணவரின் வலி தணியக் கொடிச்சியர் பாடும் பாடல், தேன் எடுப்போரின் ஆரவாரம், தினை குற்றும் மகளிரின் வள்ளைப்பாட்டு, யானை பழக்கும் பாகரின் பேச்சு, கரும்பு ஆலையின் ஒலி ஆகியன மனிதரின் உழைப்பும் துன்பமும் எழுப்பும் ஓசைகள். இவற்றின் இடையிடையே பிளவில் விழுந்த குட்டிக்காகக் கதறும் மந்தியும், கூட்டத்தைப் பிரிந்த களிறும், போரிடும் ஏறுகளும் வருகின்றன. புலவர் விலங்கின் ஓசையையும் மனிதரின் ஓசையையும் தனித்தனியே வரிசைப்படுத்தவில்லை. மலை என்பது இரண்டும் கலந்த முழக்கம்.

இன்றைய காட்டுயிர் நோக்கரின் அளவுகோல் இதற்கு எதிரானது. மனிதக் குரல் கேட்காத இடமே நல்ல காடு என்பது அவ்வளவுகோல். காட்டுயிர் நோக்கத்திற்கு அமைதி தேவை என்பதில் ஐயமில்லை. ஆனால் அமைதி காட்டின் இயல்பு என்று கொண்டு, அங்குள்ள உலக்கை ஓசையை இடையூறு என்று கருதும் நிலை வரலாற்றில் பிற்பட்டது. பழந்தமிழ்க் காட்டை ஏதுமறியாப் பொற்காலமாகக் காட்டுவதும் பிழையே. குறவர் பன்றிக்குப் பொறி வைத்தனர். யானையைக் கல்லால் அடித்தனர். வழியில் கிடக்கும் அம்புபட்ட பன்றியைச் சுட்டு உண்ணுமாறு கூத்தனே சொல்கிறான். மலை அவர்களுக்கு உழவுக் களம், வேட்டைக் களம், வீடு. அவ்வாறிருந்தும் அது புதியவருக்கு அடைபடவில்லை என்பதே இங்குக் குறிக்கத்தக்கது.

வழியில் காணும் நடுகற்களை இசைத்து வழிபட்டுச் செல்லுமாறும் நூல் கூறுகிறது. தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1972இல் வெளியிட்ட 'செங்கம் நடுகற்கள்' இவ்வட்டாரத்தில் இம்மரபின் செறிவைக் காட்டியது. எடுத்தனூர் நடுகல், வீரனோடு அவனுடைய நாயையும் செதுக்கி, கோவிவன் என்ற அந்நாயின் பெயரையும் பொறித்துள்ளது. விலங்கு ஒன்றின் பெயர் கல்லில் நின்றது இந்நிலத்தில்தான்.

மலையேறும் அடியார்

பருவதமலை மல்லிகார்ச்சுனர், பிரமராம்பிகை கோயிலுக்கு முழுநிலா நாள்களில் ஏறும் அடியார் கூட்டம், மலைபடுகடாத்திற்கும் சுற்றுலாவுக்கும் இடையே நிற்கும் ஒரு தொடர்ச்சி. செங்குத்தான பாறையில் கடப்பாறைகளை அடித்து இறுக்கிச் சங்கிலி கட்டிய கடப்பாறைப் படி இன்றும் அதன் அடையாளம். இவர்கள் காடு காண வருவோர் அல்லர். ஆயினும் காட்டைக் கடந்தே செல்கின்றனர். அண்மைக் காலத்தில் இவ்விரு பிரிவினரையும் வேறுபடுத்துவது கடினமாகிவிட்டது. இரவில் ஏறி விடியலில் மேகம் காணும் இளைஞர் தம்மை அடியார் என்பாரா மலையேற்றக்காரர் என்பாரா என்பது அவர்களுக்கே தெளிவில்லை.

1882: காடு ஒதுக்கப்படுதல்

மலைவாழ்வோர் விருந்து தருபவர் என்ற நிலையிலிருந்து இறங்கிய காலத்தைத் துல்லியமாகச் சுட்ட இயலும். சென்னை மாகாணக் காட்டுச் சட்டம் 1882இல் இயற்றப்பட்டது. ஒதுக்கப்பட்ட காடு என்று அறிவிக்கப்பட்ட பரப்பில் அத்துமீறி நுழைதல், கால்நடை மேய்த்தல், தீயிடல், மரம் வெட்டுதல், காட்டு விளைபொருள் எடுத்தல், நிலம் திருத்திப் பயிரிடல், விதிகளை மீறி வேட்டையாடல் ஆகியன குற்றங்களாயின. மலைபடுகடாத்தில் கேட்ட மனித ஓசைகளுள் பெரும்பகுதி இச்சட்டத்தின் பிரிவுகளுக்குள் அடங்கிவிடுவதைக் காணலாம்.

சவ்வாது மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர் என்ற மரபுக்கதையைக் கூறுவர். 1909இல் எட்கர் தர்ஸ்டன் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்கள், பழங்குடிகள் பற்றிய தொகுதிகளில் அவர்களுக்குத் தனிப் பதிவு உண்டு. ஏர் உழும் நிலமும் ஏர் செல்லாச் சரிவில் கொத்தி விதைக்கும் கொத்துக்காடும் அவர்தம் வேளாண்மையின் இரு கூறுகள். சாமையும் கேழ்வரகும் முதன்மைப் பயிர்கள். தேன், கடுக்காய், புளி, சீயக்காய் ஆகியவற்றைத் திரட்டல் அதற்குத் துணை. எல்லைக்கல் நடப்பட்டபின் வயல் ஒருபுறமும் காடு மறுபுறமும் ஆயின. சந்தன மரமோ எங்கு முளைத்தாலும் அரசுடைமையாகக் கருதப்பட்டது. திருப்பத்தூரில் இயங்கிய அரசுச் சந்தனக் கிடங்கு இம்மலையின் செல்வம் எத்திசையில் இறங்கியது என்பதற்குச் சான்று.

அதே சட்டம் வெளியிலிருந்து வந்த வேட்டைக்காரருக்கு உரிமச் சீட்டு வழங்க இடமளித்தது. நுழைவு என்பது தாளில் எழுதித் தரப்படும் ஒன்றாக மாறியபோது, தாளைப் பெறும் வழி அறிந்தவர் உள்ளே செல்பவராகவும், அறியாதவர் அத்துமீறுபவராகவும் ஆயினர். சவ்வாதுவை அடுத்த ஏலகிரியில் ஆட்கொல்லிச் சிறுத்தையைத் தேடிச் சென்ற கதையை எழுதிய கென்னத் ஆண்டர்சன் (1910–1974) போன்றோரின் நூல்கள் அக்காலத்து நுழைவின் இலக்கியம். மலைவாழ் துணைவர்மீது அவருக்கு உண்மையான அன்பு இருந்தது. பிற வேட்டை நூலாசிரியரிடம் அரிதாகவே காணப்படுவது அது. எனினும் கதையில் துப்பாக்கியும் முடிவெடுக்கும் உரிமையும் வந்தவரிடமே இருந்தன.

துப்பாக்கியிலிருந்து தொலைநோக்கிக்கு

கொல்லாமல் பார்ப்பதற்காகவே காட்டிற்குச் செல்லும் மனநிலை இருபதாம் நூற்றாண்டின் நடுவில் தமிழில் உருப்பெற்றதற்கு மா. கிருஷ்ணனின் (1912–1996) எழுத்து முதன்மைச் சான்று. ஆங்கிலத்தில் 1950 முதல் இறுதிவரை பத்தி எழுதிய அவர் தமிழிலும் எழுதினார். அவருடைய தமிழ்க் கட்டுரைகளைத் தொகுத்து 'மழைக்காலமும் குயிலோசையும்' என்னும் நூலாகச் சு. தியடோர் பாஸ்கரன் பதிப்பித்தார். சரணாலயம் என்ற வடசொல் ஆட்சிமொழியில் நிலைத்துவிட்டது. காட்டுயிர் என்ற சொல்லோ பாஸ்கரன் போன்றோரின் எழுத்தால் பரவியது. விலங்கு என்று மட்டும் கூறாமல் பறவை, பூச்சி, செடி அனைத்தையும் உள்ளடக்கும் அச்சொல் மலைபடுகடாத்தின் பார்வைக்கு நெருக்கமானது.

சவ்வாது மலையின் வடபுறத்தில் இம்மாற்றத்தின் பயனாக 1967இல் அமிர்தி உயிரியல் பூங்கா ஏற்பட்டது. வேலூரிலிருந்து ஏறத்தாழ 25 கி.மீ. தொலைவில் 25 எக்டேர் பரப்பில் அமைந்தது அது. காட்டின் நடுவே கூண்டில் மானும் மயிலும் காட்டப்பட்டன. சுற்றிலும் காடு இருக்கக் கூண்டிலுள்ளதைப் பார்த்துத் திரும்பும் இம்முறை நகைப்புக்குரியதாகத் தோன்றலாம்; காட்டை எளிய மக்களுக்கும் ஒரு நாள் செலவில் எட்டச் செய்தது என்ற வகையில் அதனை முற்றிலும் தள்ளிவிட முடியாது. ஏறத்தாழ அதே காலத்தில் இம்மலையின் காவலூரில் வைணு பாப்பு வானியல் ஆய்வகத்தைத் தொடங்கினார். அங்கு நிறுவப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986இல் திறக்கப்பட்டது. நகர விளக்குகளின் ஒளி எட்டாத இருளைத் தேடி அறிவியலாளர் வந்த இடம் அது. இருளும் பாதுகாக்கப்பட வேண்டிய ஒன்று என்ற எண்ணம் இம்மலையில் காட்டுயிரை முன்னிட்டு எழவில்லை. விண்மீனை முன்னிட்டு எழுந்தது.

வேடந்தாங்கல்: ஒரு மாற்றுச் சான்று

வாழ்வோரை விலக்கித்தான் புகலிடம் அமைக்க இயலும் என்ற கருத்துக்கு மறுப்பு தொலைவில் இல்லை. மதுராந்தகம் அருகிலுள்ள வேடந்தாங்கல் ஏரியில் கூடும் நீர்ப்பறவைகளை ஊரார் பல தலைமுறைகளாகக் காத்தனர். பறவை எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாகும் என்ற பட்டறிவு அதற்கு ஒரு காரணம். ஆங்கிலேயப் படைவீரர் பறவைகளைச் சுட்டபோது ஊரார் முறையிட்டு, 1798இல் செங்கல்பட்டு ஆட்சியர் லயனல் பிளேசிடம் காப்புரிமை ஆவணம் பெற்றனர் என்பது பரவலாகப் பதிவான செய்தி. 1936இல் அது புகலிடமாக ஏற்கப்பட்டது. 2022இல் ராம்சார் நிலமாயிற்று. தாங்கல் என்பது சிற்றேரியைக் குறிக்கும் சொல். எனவே பாசன ஏரி ஒன்று தன் பயனை இழக்காமலேயே புகலிடமானது என்பது பெயரிலேயே அடங்கியுள்ளது.

இங்கு அரசின் ஆணை, ஊரார் முன்பே கடைப்பிடித்த ஒழுங்கிற்குக் கிடைத்த ஒப்புதல்; அவ்வொழுங்கிற்கு மாற்றாக வந்ததன்று. சவ்வாது மலையில் 1882இன் சட்டம் இதற்கு நேர்மாறாகச் செயற்பட்டது. ஏரிக்கரை உழவர் பட்டா நிலம் உடையவராகவும் ஆவணமொழி அறிந்தவராகவும் இருந்தமை, மலையாளிக் குடியினர் அவ்வாறில்லாமை ஆகியன இவ்வேறுபாட்டிற்குக் காரணமாகலாம். பறவையின் எச்சம் வயலுக்குப் பயன்படும். கரடியாலும் காட்டுப்பன்றியாலும் சாமைக்காட்டிற்கு இழப்பே. ஆகவே ஒப்பீட்டை ஓர் எல்லைக்குமேல் நீட்டிக்க இயலாது.

இன்றைய மலை

1972ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், புகலிடத்தினுள் நுழைய இசைவு வழங்கத்தக்க நோக்கங்களை 28ஆம் பிரிவில் பட்டியலிடுகிறது. காட்டுயிர் ஆய்வு, ஒளிப்படம் எடுத்தல், அறிவியல் ஆராய்ச்சி, சுற்றுலா, அங்கு வாழ்வோருடன் சட்டப்படியான அலுவல் ஆகியன அவை. தேன் எடுக்கவோ கிழங்கு அகழவோ செல்வது அப்பட்டியலில் இல்லை. சவ்வாது மலை அறிவிக்கப்பட்ட புகலிடம் அன்று. அதன் காடுகள் ஒதுக்கப்பட்ட காடுகளே. ஆயினும் காட்டிற்குச் செல்வதற்குரிய தகுதியான காரணம் எது என்பது குறித்து நாடு முழுவதும் நிலைத்துவிட்ட கருத்தை இப்பட்டியல் போல் சுருக்கமாகக் காட்டும் ஆவணம் வேறில்லை. பார்க்க வருபவருக்கு இடமுண்டு. வாழ வேண்டி வருபவர் தம் காரணத்தை மெய்ப்பிக்க வேண்டும்.

சமுனாமரத்தூரில் நடைபெறும் கோடை விழாவும் பீமன் அருவியும் கோமுட்டேரிப் படகுத்துறையும் இம்மலைக்கு மக்களை ஈர்க்கின்றன. அதே மலையிலிருந்து இளைஞர் வேலை தேடிக் கீழிறங்குகின்றனர். 2015 ஏப்ரல் 7இல் ஆந்திர மாநிலம் சேசாசலம் காட்டில் செம்மரம் வெட்ட வந்தோர் என்று கூறி அம்மாநிலக் காவல் படையினரால் 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். சவ்வாது மலைப்பகுதியினரும் அவர்களுள் இருந்தனர். தம் மலையில் மரத்தின்மீது உரிமையற்றவர், பிறர் மலையில் மரம் வெட்டும் கூலிகளாகச் சென்ற நிலையை அந்நிகழ்வு பொதுவெளிக்குக் கொண்டுவந்தது. சுற்றுலாக் கையேடுகளில் இச்செய்திக்கு இடம் இராது. மலையின் வரலாற்றிலிருந்து இதனை நீக்க முடியாது.

யானையின் வரலாறும் இதனோடு சேர்ந்தது. 1980களில் ஓசூர், தருமபுரிக் காடுகளிலிருந்து யானைகள் வடக்கே சித்தூர்ப் பகுதிக்கு இடம்பெயர்ந்தன. அவற்றின் பொருட்டே கவுண்டின்யா புகலிடம் அங்கு உருவாயிற்று. பின்னர்த் திருவண்ணாமலை மாவட்டத்தின் வயல்களில் சுற்றிவந்த 6 யானைகள் 2013இல் மயக்க ஊசி செலுத்திப் பிடிக்கப்பட்டு வேறிடங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டன. பயிரை இழந்த உழவரின் நிலையில் அது தவிர்க்க இயலாத முடிவாகத் தோன்றியது. மலையையே மதயானையாகக் கண்ட பாட்டு பிறந்த நாட்டில் யானைக்கு இருக்க இடமில்லாது போயிற்று.

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் இப்போக்கைத் திருத்தும் வாய்ப்பைத் தந்தது. தமிழ்நாட்டிலோ 2008இல் சென்னை உயர் நீதிமன்றம் பிறப்பித்த இடைக்கால ஆணையால் உரிமை வழங்கல் நெடுங்காலம் தடைப்பட்டு, 2016இல்தான் உச்ச நீதிமன்றத்தால் அத்தடை நீங்கியது. இச்சட்டம் பற்றிய விவாதம் பெரிதும் தனிப்பட்டாவைச் சுற்றியே நடக்கிறது. அதன் 5ஆம் பிரிவு கூறுவது வேறொன்று. சமூகக் காட்டு வளத்தினுள் யார் செல்லலாம் என்பதை ஒழுங்குபடுத்தவும், காட்டிற்கும் காட்டுயிருக்கும் கேடு விளைக்கும் செயலைத் தடுக்கவும் கிராம சபைக்கு அது அதிகாரம் அளிக்கிறது. சவ்வாது மலைச் சிற்றூர்களின் சமூக உரிமைகள் முறையாக ஏற்கப்படுமாயின், அருவிக்கு ஒரு நாளில் எத்தனை ஊர்திகள் செல்லலாம், எந்தப் பருவத்தில் வழியை மூடலாம், வருபவருடன் யார் முன் நடக்க வேண்டும் என்பனவற்றை முடிவுசெய்யும் இடம் வனச்சரக அலுவலகத்திலிருந்து ஊர் மந்தைக்கு மாறும்.